மூன்றாவது வில்

வில்லுக் கடையின் பின்கூடத்தில் செப்டம்பர் வெயில் சாய்வாக இறங்குகிறது. வெர்னா வில்களை இழுத்துப் பார்க்க, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருக்கிறாள். தோளில் அறுவைத் தழும்பு. போன வருட மான் வேட்டை அதிலேயே போயிற்று. இந்த வருடமும் முடியாவிட்டால் மானுக்காகக் காத்திருக்க மரத்தில் கட்டும் பரணை விற்றுவிடலாம் என்று காலையில் அவளேதான் சொன்னாள். அவளுடைய நாய் காலடியில் தூங்குகிறது. முதல் வில்லைப் பாதிகூட இழுக்க முடியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டாவதைக் கூரைப்பக்கம் தூக்கி, உடம்பையே முறுக்கி இழுக்கிறாள். வாளி கிறீச்சிட, நாய் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. "இந்தச் சத்தத்துக்கு மான் இந்நேரம் கனடாவுக்கே ஓடியிருக்கும்" என்கிறான் கணவன் எய்னார். "யோவ், வாய மூடு. உன் இருமலுக்கே பாதிக் காடு காலியாயிடுது." கடைக்காரன் டுவைட் சிரித்துக்கொண்டே மூன்றாவதை நீட்டுகிறான். "இதப் பாருங்கக்கா. ரெண்டு காலையும் தரையிலேர்ந்து தூக்கிக்கிட்டு நேரா இழுங்க, உடம்ப முறுக்க முடியாது. அப்பதான் தோளு உண்மையச் சொல்லும்."

கையில் வாங்கியதும் அவள் புருவம் உயர்கிறது. அவ்வளவு லேசாக இருக்கிறது. அம்பைப் பூட்டிக் கால்களை உயர்த்துகிறாள். நாண் வழுக்கிக்கொண்டு பின்னால் வர, வில்லின் இரு நுனியிலும் கப்பிகள் சத்தமில்லாமல் சுழல்கின்றன. பாதிவழியில், வழக்கமான வலிக்குத் தயாராகிப் பல்லைக் கடிக்கிறாள். வலி வரவில்லை. கப்பிகள் முழுதாகச் சுழன்றதும் இழுவையின் பாரம் சட்டென்று குறைந்து, நாண் கன்னத்தோடு வந்து நிற்கிறது. எய்னார் தனக்கு வந்த இருமலை விழுங்கிக்கொள்கிறான். வெயிலில் தூசி மிதக்கிறது. அவள் கண்ணோரத்தால் காலடியைப் பார்க்கிறாள். நாய் தூங்குகிறது. அம்பு எதிர்ச்சுவர் இலக்கில் போய்த் தைத்த சத்தத்துக்குத்தான் அதன் காது நிமிர்கிறது.