விளக்கேற்றும் பெண்

"படம் ஆரம்பிக்கறப்போ ஒரு பொண்ணு விளக்கு ஏத்துமே, அதக் காணோம் சார்" என்றார், திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி விழுப்புரம் ஆபீசுக்கே வந்துவிட்ட பச்சைமுத்து.

பழைய படங்களைப் போடும் யூடியூப் சேனல் நடத்தும் திருமுருகன் சிரித்தான். "அது பழைய ஸ்டூடியோ முத்திரைங்க. அவங்க படமெல்லாம் இப்ப நான் வாங்கிட்டேன். அதான் அறுபது படத்துலயும் வெட்டிட்டு, நம்ம முத்திரையப் போட்டுட்டேன்."

"பழசு வச்சிருக்கீங்களா சார்?"

"ரீலு மக்கிப்போச்சு. கம்ப்யூட்டர்ல இருந்ததையும் அழிச்சிட்டேன். அதுக்கா இவ்ளோ பேஜாரு?"

"அது எங்கம்மா சார். ஸ்டூடியோவுல பெருக்கிக்கினு இருந்தவங்கள நிக்கவச்சி எடுத்தாங்களாம். வீட்ல வேற போட்டோ கிடையாது."

திருமுருகன் தலைகுனிந்தான்.

பச்சைமுத்து தயங்கிக் கேட்டார்: "அவங்க எடத்துல இப்ப ஒரு அம்மா கும்பிட்டுக்கினு வர்றாங்களே, அவங்க யாரு சார்?"

'என் அம்மா' என்று சொல்லத் திருமுருகனுக்கு நாக்கு எழவில்லை.