பெரிய பாயிண்ட்

பூரணி வீட்டுச் சமையலறைச் சுவரில் இரண்டு பிளக் பாயிண்டுகள் இருந்தன. சின்னதில் எந்நேரமும் மிக்சியோ குக்கரோ மாட்டியிருக்கும். பெரியது, என்றோ வாங்கப்போகும் கரண்ட் அடுப்புக்காகப் போட்டது. மெயின் பெட்டியிலிருந்து அதற்கென்று தனியாகத் தடித்த வயர். நான்கு வருஷமாக அதைச் சீண்டுவார் இல்லை. பேச்சுத்துணைக்குச் சின்னது மட்டும்தான்.

ஒருநாள் அடுப்பு வந்தது.

"பெரிய பாயிண்ட்ல போட்டா கரண்ட் நிறைய இழுக்கும்," என்று சொல்லிக்கொண்டே பூரணி, அடுப்பின் பருத்த பிளக்கை ஒரு கன்வெர்ட்டரில் செருகிச் சின்னதில் மாட்டினாள்.

"அது எனக்கு வந்த அடுப்பு," என்றது பெரியது.

"பொறாமையா அண்ணே?"

"பொறாமைதான். ஆனா உன் வயர் மெல்லிசுடா. சுடலையா?"

"சுடுது. முடியாதுன்னு சொன்னா அப்புறம் யாரு என்கிட்ட வருவா?"

மூன்றாம் நாள் காலையில் கருகல் வாடை வந்தது. சின்னது உருகிக் கறுத்துப்போயிருந்தது. பூரணி பயந்துபோய் அடுப்பைப் பெரியதில் மாட்டினாள். சற்று நேரத்தில் பால் பொங்கியது.

"தம்பி, எனக்கும் வேலை வந்துடுச்சு, பாரேன்," என்றது பெரியது.

பக்கத்திலிருந்து பதில் இல்லை.

கொஞ்சம் பொறுத்து, அதையே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தது.