கோயிலுக்குப் போனவள்

சாட்சிக் கூண்டில் ஏறியதும் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அவள் முப்பது வருடமாகப் பார்க்கிறாள். கணவரின் கை காலருக்குப் போனால் அடுத்து வருவது பெருமைப் பேச்சுதான்.

இன்றைக்கு மட்டும் வேண்டாம் சாமி.

அவர் சொல்லவேண்டியது ஒரே விஷயம். அவள் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றாள். கார் இடித்ததோடு அந்தச் சம்பாத்தியம் நின்றுபோனது. இதை அவர் வாயால் சொன்னால் போதும் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அப்போதுதான் நஷ்ட ஈடு என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஏதாவது வரும். வந்தால் இடுப்பில் இரண்டாவது ஆபரேஷன். வராவிட்டால் இந்த வாக்கர்தான், சாகும்வரை.

போன வாய்தாவில் அவளும் சொன்னாள். சொந்தக் கதையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? சாட்சி வேண்டுமாம்.

எத்தனை வாய்தா! ஒருநாள் நீதிபதி மாறியிருந்தார். ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கல்யாண வீடு. ஒருநாள் கரண்ட் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஆட்டோவில் ஏறி இறங்குவதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

மேடவாக்கம் கூட்டுரோடு. மாலை நெரிசல். டிபன் கடைக்குக் கொடுக்க மாவு வாளியோடு கடந்துகொண்டிருந்தாள். சிக்னலை மதிக்காத கார். வாளி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ரோடெல்லாம் வெள்ளை. பின்னால் நின்றவர்கள் அப்போதும் ஹாரனை விடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர் எங்கே போனாள் என்று கேட்டார்.

"கோயிலுக்குப் போயிட்டிருந்தா சார்" என்றார் இவர்.

அவள் தலைமுடியில் மாவு காய்ந்துகொண்டிருந்தது.

மானம் போய்விடுமாம். மாவு வாங்க வருகிறவர்கள் பின்கதவு வழியாகத்தான் வரவேண்டும் என்பது இவர் போட்ட சட்டம். கிரைண்டர் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அதற்கு மட்டும் இவரால் சட்டம் போட முடியவில்லை.

இன்று கூண்டில் அவளுடைய வக்கீல் கேட்டபோது ஒழுங்காகத்தான் பதில் சொன்னார். மாவு விற்றாளா? ஆமாம். கோயில் என்று சொன்னது? பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது.

அவளுக்கு மூச்சு வந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்தார். சிரித்த முகம். அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"சார், நீங்க சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவரு, இல்லையா?"

"ஆமா." நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்புறமும் உங்க சம்சாரம் தெருத்தெருவா மாவு வித்துத்தான் உங்க வீட்ல அடுப்பு எரிஞ்சுதுன்னு சொல்றீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஆமான்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை. வாக்கரின் பிடியை அவள் இறுக்கிப் பிடித்தாள்.

அவர் கை காலருக்குப் போனது.

"என்ன சார் பேசறீங்க? என் சம்பளத்துலதான் குடும்பம் நடந்துச்சு. பொண்டாட்டிய சம்பாதிக்க விட்டுட்டு உக்காந்து சாப்பிட்டவன் இல்ல நான். அவ ஒரு வேலையும் பார்த்ததில்ல. வீட்ல சும்மாதான் இருந்தா."

"அப்போ அன்னிக்கு?"

"கோயிலுக்குத்தான் போனா."

"அவ்வளவுதான் அய்யா" என்று வக்கீல் உட்கார்ந்தார். டைப்பிஸ்ட் பெண் கடைசி வார்த்தை வரை அடித்து முடித்தாள்.

சும்மா.

ஊறவைத்தது, கழுவியது, ஆட்டியது, கிரைண்டர் கல்லைத் தூக்கித் தூக்கித் தோள் இறங்கியது. பையன் காலேஜ் முடித்தது எதில் என்று இவருக்குத் தெரியாதா? கார்காரன் ஒருமுறைதான் இடித்தான்.

அவர் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகமெல்லாம் திருப்தி. அவள் காதருகே குனிந்தார்.

"பார்த்தியா, நாலு பேர் முன்னாடி உன்ன விட்டுக்குடுக்கல."

பொய்யில்லை. மனதாரத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நீதிபதி நிமிர்ந்தார்.

"வேற சாட்சி இருக்கா?"

அவளுடைய வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டினார். அதில் யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மாவு வாங்கிய வீட்டுக்காரர்களை எல்லாம் கேட்டாயிற்று. கோர்ட் படி ஏறமாட்டோம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். டிபன் கடையும் இப்போது இல்லை.

அவள் வாக்கரை முன்னால் இழுத்தாள். எழுந்தாள். இடுப்பில் சுரீரென்றது. ஓர் அடி வைத்தாள். நின்றாள். இன்னோர் அடி.

"எங்க போற? வாசல் இந்தப் பக்கம்" என்றார் அவர்.

அவள் திரும்பவில்லை.

வக்கீல் கட்டை மூடிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டைப்பிஸ்டின் விரல்கள் அப்படியே நின்றன.

போன தடவை அவளுக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். இன்று நாற்காலி எதுவும் இல்லை. கூண்டுக்கு ஒரு படி.

வாக்கரைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.