பிடித்த ஊர்

மாசிலாமணி அலெக்சாண்டர் கட்சி, நான் செங்கிஸ்கான் கட்சி. அவர் வீட்டு மேசையில் உலகப் படத்தை விரித்து, யார் பிடித்த ஊர்கள் அதிகம் என்று கத்தியதில் டீ கொட்டிப் பாரசீகமே நனைந்துவிட்டது. துடைக்க வந்த அவர் மனைவி கோமளா கேட்டார்: "அலெக்சாண்டருக்குப் பிடிச்ச ஊர் எதுங்க?"

"எல்லாமே அவன் பிடிச்சதுதான்."

"அவன் பிடிச்சதக் கேக்கல. அவனுக்குப் பிடிச்சது. இங்கேயே இருந்துடலாம்னு தோணின ஊர்."

நான் அவசரமாகச் செங்கிஸ்கானுக்காகத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. பட்டாளத்தில் ஊர் ஊராகச் சுற்றி ஓய்வுபெற்ற மாசிலாமணியின் விரல் சிந்து நதிமேல் அப்படியே நின்றது.

"சரி, உங்களுக்கு?" என்றார் கோமளா.

விரல் தெற்கே வந்து தயங்கியது. எங்கள் ஊர் அந்தப் படத்தில் இல்லை. அதைத்தான் அவர் தேடினாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை.