முனியப்பனுக்கு நேர்ந்த கெடா

“இனிமே நீங்க இந்தப் பக்கம் வர வேலையே இல்லைங்க,” என்றேன். மாதம் தவறாமல் கிரெடிட் கார்டு பாக்கி கேட்டு பாப்பாரப்பட்டிக்கு வரும் நவநீதன் விழித்தார்.

பழைய கார்டின் எண்பதாயிரம் கடனையும் வேறு பேங்கின் புதுக் கார்டுக்கு மாற்றியதைக் கணக்கு வாத்தியார் போல விளக்கினேன்.

“ஆறு மாசத்துக்கு வட்டியே கெடையாது. ஒழுங்காக் கட்டுனா சிபில் ஸ்கோரும் ஏறிடும்.”

சொல்லச் சொல்ல, எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

“பழைய கார்டு கடன் ஒழிஞ்சா முனியப்பனுக்குக் கெடா வெட்டறதா வேண்டுதல். ஞாயித்துக்கெழம குடும்பத்தோட வந்துருங்க.”

வந்தார். நல்லி எலும்பாகப் பார்த்து நானே அவர் இலையில் வைத்தேன்.

ஏழாம் மாதம் மறுபடி வாசலில் நின்றார்.

“பேங்க் மாறுனது மறந்துபோச்சுங்களா?” என்று சிரித்தேன்.

“அந்த பேங்குக்கும் வசூல் எங்க ஏஜென்சிதாங்க. நாலு மாசமாத் தவணை நிக்குதுங்க.”

அவர் கையில் இரண்டு நோட்டீஸ்கள் இருந்தன.

“இன்னொண்ணு?”

“பழைய கார்டுங்க.”

“அதுல பைசா பாக்கியில்லையே?”

நவநீதன் குரலைத் தாழ்த்தினார். “கடன மாத்துனதுக்கப்புறம், அந்தச் சனிக்கெழம அதுலயே ஏடிஎம்ல இருபதாயிரம் எடுத்திருக்கீங்க. மறுநாள் நாம சாப்ட்டமே, அந்தக் கெடாங்க.”