மோதிரம் போட்ட சிறுத்தை

“வாயெல்லாம் ரத்தத்தோட நின்னுச்சுங்க டாக்டரம்மா. இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்?” என்றார் தம்பிதுரை.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே அவருடைய தோட்டம். விடிந்து பார்த்தால் பட்டிக்குள் மூன்று செம்மறி ஆடுகள் செத்துக் கிடந்தன. அதில் இரண்டு சினை. அவருடைய கோபம் முழுவதும் இப்போது வேப்பமரத்தில் கட்டிக் கிடந்த கறுப்பன் மேல் திரும்பியிருந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் சின்னான் வளர்க்கிற நாய் அது. பட்டிக்குள் தின்றுகொண்டிருந்த நாய்களில் மற்றவை ஓடிவிட, இது மட்டும் மாட்டிக்கொண்டது.

கால்நடை டாக்டர் பொற்கொடி குனிந்து பார்த்தார். சிறுத்தை என்றால் கழுத்தைக் கவ்வி மூச்சை நிறுத்தும். நாய் என்றால் பின்னங்காலையும் வயிற்றையும் கிழிக்கும். கழுத்தைப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆனால் பார்ப்பதற்குக் கழுத்து மிச்சமிருக்க வேண்டுமே. நாய்கள் அத்தனையும் குதறிப் போட்டிருந்தன. கொன்றது எது, கிடந்ததைத் தின்றது எது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

“நாய்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பொழுது சாயறதுக்குள்ள அதோட கதைய முடிச்சுப் போடறேன்.”

ஒதுங்கி நின்றிருந்த சின்னான் இரண்டடி முன்னால் வந்தார். கறுப்பனைக் கண் திறக்காத குட்டியாக எடுத்து வந்ததாம். அதற்கு வைக்காமல் தனக்கு ஒரு வாய் சோறு இறங்காதாம். இதையெல்லாம் திக்கித் திணறிச் சொல்லிவிட்டு, வேலியோரம் சிறுத்தைத் தடம் இருக்கிறது, அம்மணி ஒரு எட்டு வந்து பார்க்க வேண்டும் என்றார்.

“ஏஞ் சின்னா, சிறுத்தை வெள்ளகோவிலுக்கு பஸ் ஏறியா வந்துச்சு?” என்றார் தம்பிதுரை.

மலை எங்கே, இந்த மேட்டுக்காடு எங்கே. பொற்கொடிக்கும் அதே எண்ணம்தான். ஆனாலும் போய்ப் பார்த்தார்.

கிளுவை வேலியோரம் ஈர மண்ணில் நான்கு தடங்கள். கையை மூடி மண்ணில் அழுத்தி, அதற்கு முன்னால் நான்கு விரல் நுனியை வைத்தால் சிறுத்தைத் தடம் தயார். படிக்கிற காலத்தில் பொற்கொடியும் அப்படி வைத்து ஹாஸ்டல் தோழிகளை அலற விட்டவர்தான். நான்கும் ஒரே கை. மூன்றாவதில் ஒரு வளையக் கோடு வேறு. நிமிர்ந்து பார்த்தார். சின்னான், செம்பு மோதிரம் போட்ட வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

பொற்கொடி எழுந்துகொண்டார். தோட்டத்தைத் தனியாக ஒரு சுற்று சுற்றி வந்தார். கிணற்றடியில் தொட்டி ஒழுகிச் சேறாகக் கிடந்த இடத்திலும் தடங்கள் இருந்தன. இவை அற்புதம். இடது வலது எல்லாம் சரி. நாய் நடந்தால் நகம் பதியும், சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். அந்த நுணுக்கம்கூடத் தப்பவில்லை. தடம் மோட்டார் ரூம் வாசல் வரை போயிருந்தது. ஒரு நாய்க்காக மனிதர் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாரே என்று நினைத்ததும் பொற்கொடிக்கு மனசு கேட்கவில்லை.

கறுப்பன் வேறு வேப்பமரத்தடியில் இருந்து அந்தப் பக்கமே பார்த்து, கயிறு அறுகிற மாதிரி குரைத்துக்கொண்டிருந்தது. பாவம், உயிர்ப்பயம் அதற்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

“நாய் தின்னிருக்குதுங்க. நாய்தான் கொன்னுச்சுன்னு என்னால எழுத முடியாது,” என்றார் தம்பிதுரையிடம். “தடம் இருக்குது. சிறுத்தையா இருக்கலாம்னு எழுதறேன். வனத்துறையில சொல்லிக் கேமரா வெக்கச் சொல்றேன். அதுவரைக்கும் நாயைத் தொடாதீங்க.”

தம்பிதுரைக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் டாக்டர் சொன்ன பிறகு எதிர்த்துப் பேசுகிற ஆளும் இல்லை. அவிழ்த்துவிட்டுத் தொலை என்று சின்னானிடம் சொல்லிவிட்டுச் செல்போனைப் பார்த்தார். மணி ஒன்பது. விடிந்ததிலிருந்து இல்லாத த்ரீ ஃபேஸ் கரண்ட் வருகிற நேரம். தென்னைக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று முணுமுணுத்தபடி நடந்தார்.

சின்னான் கயிற்றை அவிழ்த்ததும் கறுப்பன் நிற்காமல் ஓடியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் வரை பொற்கொடியின் பெட்டியைத் தூக்கி வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

“ஏனுங்கண்ணா, எந்த ஊருச் சிறுத்தைங்க மோதிரம் போடுது?”

சின்னான் தலையைக் குனிந்துகொண்டார். “பொய்யின்னு தெரிஞ்சேதான் செஞ்சுபோட்டனுங்க அம்மணி. வேற வழி தெரியலீங்க.”

“சரி, போகட்டும். வேலியோரம் வெச்சது சுமார்தான். கிணத்தடியில வெச்சது அசலேதானுங்க, நானே ஏமாந்திருப்பேன். ஆனா ஒண்ணு. மோட்டார் ரூமுக்குள்ள போற தடம் வெச்சீங்க. வெளிய வர்ற தடம் வெக்க மறந்துபோட்டீங்க.”

சின்னான் விழித்தார்.

“நான் வேலியோரம் நாலே நாலுதானுங்க வெச்சேன். கிணத்துப் பக்கம் இன்னைக்கு எட்டிக்கூடப் பாக்கலீங்களே.”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மோட்டார் ரூம் வாசலில், வேட்டியைக் கவ்விப் பின்னால் இழுத்த கறுப்பனை எட்டி உதைத்துவிட்டு, தம்பிதுரை இருட்டுக்குள் கையை நீட்டி சுவிட்சைத் துழாவிக்கொண்டிருந்தார்.