கேட்டில் கட்டிய வேப்பிலை

"ஐயோ, ஆத்தா வந்துட்டா!"

மாமியார் லீலா போட்ட சத்தத்தில் பந்தல்காரர் ஏணியிலிருந்து குதித்தே இறங்கிவிட்டார்.

சத்யப்பிரியாவின் கழுத்தெல்லாம் சிவப்பு சிவப்பாகத் தடிப்பு. கை, வயிறு, முதுகு... எங்கே தொட்டாலும் அரிப்பு. அதுவும் இன்றைக்குப் பார்த்தா? குழந்தைக்குக் காது குத்து! சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து நாத்தனார் சுபஸ்ரீ ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு கிளம்பிவிட்டாள்.

"அத்தை, அம்மையா இருக்காது. நான் டாக்டரைப் பார்த்துட்டு..."

"டாக்டரா? அம்மை போட்ட வூட்ல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. உள்ள போ! வெளிய தலை காட்டாத!"

சொன்னதோடு லீலா நிற்கவில்லை. பின்பக்கம் போய் ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்து வந்து கேட்டில் கட்டியே விட்டாள்.

இது அம்மை இல்லை. சத்யாவுக்குத் தெரியும்.

குழந்தை பிறந்ததிலிருந்தே காரணமில்லாமல் அழுகை. தூக்கமில்லை. குழந்தையைத் தூக்கவே பயம். கணவன் பிரசன்னாவுக்குக்கூடத் தெரியாமல் படப்பையில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தாள். அவர் கொடுத்த மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"தடிப்பு வந்தா அடுத்த மாத்திரை போடாதீங்க, உடனே வாங்க. முகம், உதடு வீங்குனாலோ, மூச்சு முட்டுனாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க" என்று டாக்டரம்மா அன்றைக்கே சொல்லியிருந்தார்.

கண்ணாடியில் உதட்டைப் பார்த்தாள். வீங்கவில்லை. இன்னும் வீங்கவில்லை!

பிரசன்னாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நைட் ஷிஃப்ட் போனவன், அடுத்த ஷிஃப்டுக்கு ஆளில்லை என்று ஓவர்டைமில் மாட்டிக்கொண்டான். கம்பெனி கேட்டிலேயே போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

வேன் வந்து நின்றது.

"இன்னாம்மா இது, நல்ல நாள்ல வேப்பிலை?" சுபஸ்ரீயின் குரல்.

"உன் அண்ணிக்கு அம்மைடி. அங்கயே நில்லு!"

"கான்வென்ட்ல படிச்சவங்களுக்குக்கூட அம்மை போடுமா?" வேனுக்குள் ஒரே சிரிப்பு. "சரி, கொழந்தைய என் கையில குடு. நான் தூக்கிகினு போய் வச்சிக்கறேன். அவளே ஒரு மாதிரி கீறா. எப்பப் பாரு எங்கயோ வெறிச்சுப் பார்த்துகினு... பைத்தியம் கணக்கா."

ஜன்னலுக்குப் பின்னால் சத்யா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். இப்போதே ஓடிப்போய் உண்மையைச் சொன்னால் டாக்டரிடம் போகலாம். ஆனால் சொன்ன அடுத்த நிமிஷம் குழந்தை அந்த வேனில் ஏறிவிடும்.

"கொழந்தையா?" லீலா இடுப்பில் கை வைத்தாள். "அம்மை வூட்டுக் கொழந்தை, தண்ணி ஊத்தற வரைக்கும் கேட்டைத் தாண்டக் கூடாது. தூக்கிகினு போற வூட்டுக்கு ஆத்தாவும் கூடவே வருவா. பரவால்லியா?"

சுபஸ்ரீ நாலடி பின்னால் போனாள். வேன் வந்த வழியே ரிவர்ஸில் போனது.

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? சத்யா குழந்தையோடு வெளியே வந்தாள்.

"அத்தை, நீங்க என்ன வேணா நினைச்சுக்கோங்க. இது அம்மை இல்ல. நான் ஒரு மாத்திரை..."

"அப்புறம் பேசலாம். செருப்பைப் போடு. மூச்சு கீச்சு முட்டுதா?"

"இல்ல... ஆனா அத்தை, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

பின்பக்கம் ஹாரன் அடித்தது. கண்ணப்பனின் ஷேர் ஆட்டோ. உள்ளே ஒரு ஆள்கூட இல்லை.

"வேப்பிலை ஒடிக்கறப்பவே அவனுக்குப் போன் போட்டுட்டேன். கொழந்தைய என்கிட்ட குடுத்துட்டு ஏறு. நானும் வரேன்."

"எங்க?"

"படப்பை. உன் டாக்டரம்மாகிட்ட. நீ அங்க போய் வந்ததெல்லாம் இவன் ஆட்டோலதானே? இவன் வாய் சும்மா இருக்குமா?"

கண்ணப்பன் அவசரமாகக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

லீலா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சத்து மாத்திரை டப்பாவை சத்யாவின் கையில் வைத்தாள். "இத்தையும் எடுத்துக்கோ. எந்த மாத்திரைன்னு அவங்க பார்க்கணும் இல்ல?"

"அத்தை... உங்களுக்கு எப்ப தெரியும்?"

"பாத்ரூம்ல குழாயத் தொறந்து வுட்டுகினு அழுவியே, டேங்க் காலியானா மோட்டார் போடறது யாரு? நான்தானே! இப்ப கொஞ்ச நாளா டேங்க் ரொம்பியே கீது. சரி, மாத்திரை வேலை செய்யுதுன்னு நானும் நிம்மதியா இருந்தேன். பாழாப்போனது இப்படிப் பண்ணிடுச்சே! கண்ணப்பா, சீக்கிரம் போடா!"

கிளினிக்கில் ஊசி போட்டு, கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார வைத்துப் பார்த்தார்கள்.

"இந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான். தடிப்பு அடங்கட்டும், வேற ஒண்ணு ஆரம்பிக்கலாம். வைத்தியத்தை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

"வுடமாட்டா. நான் பார்த்துக்கறேன்" என்று லீலா பதில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் சத்யா கேட்டில் இருந்த வேப்பிலையை அவிழ்க்கப் போனாள்.

"வுடு, இருக்கட்டும்."

"அம்மை இல்லன்னு ஆயிடுச்சே, அத்தை. ஆமா, குழந்தை கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னீங்களே, நாமளே தூக்கிட்டுப் போய்ட்டோமே! அப்படி ஒரு சாஸ்திரம் இருக்கா?"

"இன்னிக்குக் காலையிலதான் வந்துது."

சத்யாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரித்து எத்தனையோ மாதமாகிவிட்டது.

தளர்ந்திருந்த வேப்பிலை முடிச்சை லீலா மறுபடி இறுக்கிக் கட்டினாள். "புது மாத்திரை உனக்கு ஒத்துக்கற வரைக்கும் இது இங்கயே கிடக்கட்டும். நான் பெத்தவ நாக்கு எனக்குத் தெரியாதா?"